வாரத்துக்கு நாலு கால்: பட்டன் போனும் ரீசார்ஜ் கணக்கும்

ஊரில் தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு போன். தோட்டத்து மோட்டார் ரூமில் ஆணியில் தொங்க ஒரு போன். வங்கி ஓடிபி வருவதற்கென்றே மேசை டிராயரில் கிடக்கும் இன்னொன்று. மூன்றிலும் சேர்த்து மாதம் ஒரு மணி நேரப் பேச்சு தேறாது. ஆனால் ரீசார்ஜ் கடையில் போய் நின்றால் கையில் விழுவது தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் என்கிற அதே திட்டம்தான். பட்டன் போனில் ஒன்றரை ஜிபியை வைத்து என்ன செய்வது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

குறைவாகப் பேசுகிறவர் கொடுக்கும் காசு எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கான வாடகை. அதனால் திட்டத்தின் விலையை ஜிபியால் வகுக்காமல் நாளால் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வகுத்தலைச் செய்தாலே கடை அட்டையில் உள்ள முக்கால்வாசித் திட்டங்கள் கழிந்துவிடும்.

முன்பு இந்த வாடகை கிடையாது. லைஃப்டைம் சிம் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, மிஸ்டு கால் மட்டும் கொடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. 2018 கடைசியில் அது முடிந்தது. இன்கமிங் வரவேண்டுமென்றால் 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லத் தொடங்கின. பிறகு ஏர்டெல்லில் அது 2021-இல் 79, 99 என்று ஏறியது. 2024 ஜூலை விலையேற்றத்தில் 28 நாள் அடிப்படைத் திட்டம் ஏர்டெல்லில் 199 ரூபாய், ஜியோவில் 189 ரூபாய் என்று வந்து நின்றது. அதில் எல்லையில்லாப் பேச்சு உண்டு, கொஞ்சம் டேட்டாவும் உண்டு. இரண்டையும் நாம் கேட்கவில்லை என்றாலும் காசு ஒன்றுதான்.

28 நாள் என்பதை மாதம் என்று எண்ணுவதுதான் முதல் ஏமாற்றம். ஆண்டுக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ் போட்டால் 336 நாள்தான் ஓடும். மீதி 29 நாளுக்குப் பதின்மூன்றாவது ரீசார்ஜ். 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய். நாளுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். (30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே விதித்துவிட்டது. கேட்டால் இருக்கும். கேட்காமல் யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள்.)

2024 டிசம்பர் 23-இல் டிராய் கொண்டுவந்த திருத்தம்தான் இந்த வகைப் பயனாளிகளுக்கு உண்மையில் உதவியது. டேட்டா இல்லாமல், குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். சிறப்பு வவுச்சர்களின் ஆயுளை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டலாம் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், திட்டங்கள் வந்தன. வந்த சில நாளிலேயே விலையைச் சற்றுக் குறைத்தார்கள். குறைத்த பிறகு ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

வகுத்துப் பாருங்கள். 469-ஐ 84-ஆல் வகுத்தால் நாளுக்கு 5 ரூபாய் 58 காசு. 1,849-ஐ 365-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 7 காசு. ஜியோவின் 1,748 நாளுக்கு 5 ரூபாய் 20 காசு. பார்வைக்கு ஏர்டெல்லைவிட நூறு ரூபாய் குறைவு, நாள் கணக்கில் 13 காசு அதிகம். ‘வருட பேக்’ என்று வாய்ப்பேச்சில் சொல்லும் பலவும் 336 நாள்தான் என்பதை மறக்காதீர்கள். இந்த விலைகள் அப்போதைய நிலவரம், அடுத்த ஏற்றத்தில் மாறும். வகுக்கும் முறை மாறாது. விலையை அப்படியே வைத்துவிட்டு நாளைக் குறைப்பதும் நடக்கும் என்பதால், போன தடவை போட்ட அதே தொகைதானே என்று நம்பிப் போடாமல், ஒவ்வொரு முறையும் வேலிடிட்டி எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கடையில் கேட்கும்போது ‘கம்மி ரேட்டுல ஒரு பேக்’ என்று கேட்டால் 28 நாள் பேக்தான் வரும். ‘நெட் இல்லாத வாய்ஸ் பேக், 84 நாளா, ஒரு வருஷமா’ என்று கேளுங்கள். ஆப்பில் போடுகிறவர்கள் கீழே வரை தள்ளிப் பார்க்க வேண்டும். இந்தத் திட்டங்களை முதல் திரையில் எதிர்பார்க்காதீர்கள்.

இருந்தாலும் எடுத்த எடுப்பில் வருடத் திட்டத்தைப் போடச் சொல்லமாட்டேன். புது சிம் என்றால் முதலில் 84 நாள். அந்த மூன்று மாதத்தில் வீட்டுக்குள் சிக்னல் எப்படி, போன் தாங்குகிறதா, பாட்டிக்குக் கைவருகிறதா என்று தெரிந்துவிடும். வருடத்துக்குப் போட்ட பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீதி நாளும் மீதி இருப்பும் கூட வராது, அங்கேயே போய்விடும். புது எண்ணை 90 நாள் முடியாமல் மாற்றவும் முடியாது. ஆக, 84 நாள் பேக் ஒரு சோதனைக் காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இனி சிக்னல். போன் வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான், ஆனால் பெரும்பாலானோர் போனை வாங்கிவிட்டு சிம்மைத் தேடுகிறார்கள். வாசலில் நின்று பார்க்கும் சிக்னல் கணக்கில் சேராது. போன் எந்த அறையில், எந்த அலமாரியில், எந்த ஆணியில் இருக்கப்போகிறதோ அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளம் போட்ட வீட்டின் நடு அறையில் நான்கு கோடு ஒன்றாகிவிடும். பக்கத்து வீட்டார், சொந்தக்காரர் யாரிடமாவது மூன்று நிறுவனங்களின் சிம்மும் இருக்கும். அவர்கள் போனை அங்கே பத்து நிமிடம் வைத்து, வெளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தால் போதும். கோட்டை எண்ணுவதைவிட மணி அடிக்கிறதா என்பதே சரியான சோதனை.

ஏர்டெல், வோடஃபோன் ஐடியா (விஐ) இரண்டுக்கும் 2ஜி இன்னும் இருக்கிறது. ஏர்டெல் தன் 3ஜியை 2020-இலேயே மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 2016-இல் தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கியது. அங்கே குரலும் டேட்டா வழியாகத்தான் போகும், வோல்ட்இ என்று போன் பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். ஆகவே ஆயிரம் ரூபாய் 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே காட்டாது. போன் பழுது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் பலருடைய கதை இது. இன்னும் நுணுக்கமான சிக்கல், ‘4ஜி’ என்று எழுதியிருந்தும் வோல்ட்இ இல்லாத பழைய போன்கள். மற்ற நிறுவனங்களில் அவை கால் வரும்போது 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு ஏறிக்கொள்ளும். ஜியோவில் இறங்குவதற்குப் படியே கிடையாது.

பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பத்து வருடப் பழைய சிம் 4ஜியில் ஏறாது. சேவை மையத்தில் கொடுத்து 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். (மற்ற நிறுவனப் பழைய சிம்களுக்கும் இது பொருந்தும்.) இரண்டு, அவர்களுடைய புதிய 4ஜி பெரும்பாலும் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. 700 என்பது போன் விவரப் பட்டியலில் ‘பேண்ட் 28’ என்று இருக்கும். அது இல்லாத போன், 700 மட்டும் ஓடும் இடத்தில் 2ஜியிலேயே நின்றுகொண்டு, டவர் பக்கத்தில் இருந்தும் சிக்னல் இல்லை என்று திட்டு வாங்கும்.

போனுக்கு வருவோம். 2ஜி பட்டன் போன்கள் ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்து முந்நூறு வரை. 4ஜி பட்டன் போன்கள் இரண்டாயிரத்தை ஒட்டி. 2024-இல் எச்எம்டி 105 வந்தபோது 999 ரூபாய், அதே போனின் 4ஜி வடிவம் 2,199. இரண்டுக்கும் நடுவே ஜியோபாரத் வகைப் போன்கள். 2023-இல் 999 ரூபாய்க்கு வந்தன, 4ஜி, அதற்கென்றே தனியாக 28 நாளுக்கு 123 ரூபாய்த் திட்டம், 336 நாளுக்கு 1,234 ரூபாய்த் திட்டம். நாளுக்கு மூன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு. கணக்குப்படி இதை யாரும் அடிக்க முடியாது. ஆனால் அந்தப் போன் ஜியோவுக்குப் பூட்டியது. வேறு சிம் ஏறாது. அந்தத் திட்டமும் வேறு போனில் வேலை செய்யாது. வீட்டில் ஜியோ சிக்னல் உறுதி, எண்ணை மாற்றும் யோசனை இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். அதில் ஐயம் இருந்தால் வேண்டாம்.

ஏர்டெல்லோ விஐயோ வீட்டுக்குள் நன்றாக எடுக்கிறது, பேச்சு மட்டும்தான் என்றால் 2ஜி போனே போதும் என்பது என் கட்சி. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், மெனு சட்டென்று திறக்கும், கீழே விழுந்தாலும் மனது வலிக்காது. 4ஜி போனில் குரல் தெளிவு கூடுதல் என்பது உண்மை. காது மந்தமானவர்களுக்கு அந்தத் தெளிவு ஆயிரம் ரூபாய்க்குத் தகும். ஆனால் அதே 4ஜி போன்கள் சில, ஆன் ஆவதற்கே நேரம் எடுக்கும், பட்டனை அழுத்தினால் ஒரு கணம் யோசிக்கும். கடையில் வாங்கும்போது எண் பட்டன்களை வேகமாக அழுத்திப் பாருங்கள். அழுத்திய பத்து எண்ணும் திரையில் விழுகிறதா? விழவில்லையென்றால் அதை வைத்துவிடுங்கள். வயதானவர்கள் அதில் தப்பு நம்பருக்கே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேட்டரி கழற்றக்கூடியதாக இருப்பது நல்லது. பல பட்டன் போன்கள் இன்றைக்கும் பிஎல்-5சி அளவுப் பேட்டரியையே எடுக்கின்றன. நோக்கியா 1100 காலத்துச் சரக்கு. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிய காலத்தில் தமிழ்நாட்டில் அது இல்லாத வீடு குறைவு. அதனால் எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்றுப் பேட்டரி கிடைக்கும். பேட்டரி உப்பினால் முதலில் பின்மூடி சரியாக மூடாது. மேசையில் வைத்துச் சுற்றினால் பம்பரம் மாதிரி சுழலும். அப்படிச் சுழன்றால் சார்ஜ் போடாமல் உடனே மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் அணைத்து வைக்கிற போன் என்றால் முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி சார்ஜில் அணைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

சார்ஜரில் ஒரு புதுத் தொல்லை வந்திருக்கிறது. டைப்-சி துளை உள்ள மலிவான பட்டன் போன்கள் சில, இருபக்கமும் டைப்-சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. துளைக்குள் இருக்க வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். அதனால் இந்தப் பக்கம் ஒரு போன் இருக்கிறது என்றே புது சார்ஜருக்குத் தெரியாது. சார்ஜர் பக்கம் பழைய தட்டையான யுஎஸ்பி உள்ள வயரைப் போட்டால் ஏறும். போன் செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் வயரை மாற்றிப் பாருங்கள்.

சிம்மிலும் ஒரு சங்கதி. பட்டன் போன்கள் பலவற்றில் பெரிய சிம் துளைதான். இப்போது தரும் சிம் மூன்று அளவுக்கும் வெட்டுக்கோடு போட்டு வரும். பெரிய அளவில் மட்டும் உடைத்துப் போடுங்கள். ஏற்கெனவே நேனோவாக (மிகச் சிறிய அளவில்) உடைத்த சிம் என்றால், உடைத்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்துத்தான் செருக வேண்டும். வெறும் சட்டத்தை மட்டும் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் மாட்டி வளைந்துவிடும். அதோடு அந்தத் துளை போச்சு.

பழைய போன் ஒன்று பரணில் இருக்கிறது, அதையே கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம், ஆனால் ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் வரும் செய்தி தமிழில் வருகிறது. இந்திய மொழிகள் அனைத்திலும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும் என்ற விதி வருவதற்கு முந்தைய போன்களில் அது கட்டம் கட்டமாகத்தான் தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்தப் போனின் அடையாள எண்) எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போலியோ, திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டதோ என்றால் பதிலில் தெரிந்துவிடும்.

போன் வந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்து செய்ய வேண்டியவை சில. எண்களை போனில் சேமிக்காமல் சிம்மில் சேமியுங்கள், போன் மாறினாலும் கூடவே வரும். நீள அழுத்தினால் கால் போகிற வசதியை 2, 3, 4 பட்டன்களில் மகள், மகன், பக்கத்து வீடு என்று வையுங்கள். 5-ஐயும் 9-ஐயும் விட்டுவிடுங்கள். 2017 முதல் விற்கும் போன்களில் அவசர பட்டன் கட்டாயம். பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீள அழுத்தினால் 112-க்குப் போகும். சுருக்குப் பையில் சில்லறையோடு போனைப் போடுகிறவர்களுக்குக் கீபேட் லாக் தானாக விழும்படி வைக்காவிட்டால், அவர்களே அறியாமல் 112-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து நெட். வாய்ஸ் பேக் போட்டு, டாப்-அப் இருப்பும் கொஞ்சம் இருக்கும் போனில், தவறுதலாக பிரவுசர் பட்டன் பட்டால் இருப்பு கரையும். ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து 1925-க்கு அனுப்பினால் டேட்டா நின்றுவிடும். காலர் டியூன், ஜோசியச் செய்தி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு காசு பிடித்தால் 155223-க்குக் கூப்பிட்டு எடுத்துவிடலாம். விளம்பர அழைப்புகளுக்கு, ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் போட்டு இடைவெளி விட்டு 0 சேர்த்து 1909-க்கு எஸ்எம்எஸ். இதை வெறும் தொல்லைக் குறைப்பு என்று நினைக்காதீர்கள். சின்னப் போன்களில் இன்பாக்ஸ் சில நூறு செய்தியில் நிரம்பிவிடும். நிரம்பினால் புதுச் செய்தி உள்ளே வராது. வங்கி ஓடிபி வரவில்லை என்று கிளைக்கு அலைகிறவரின் இன்பாக்ஸைத் திறந்தால் உள்ளே முந்நூறு லோன் விளம்பரம் இருக்கும்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது பின்னால்தான் கடிக்கும். அவசரத்துக்கு மகன் தன் ஆதாரில் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விடுவார். போன் கிணற்றில் விழும். டூப்ளிகேட் சிம் வாங்க அவரே வர வேண்டும். பயன்படுத்துகிறவர் பெயரிலேயே வாங்குங்கள். டூப்ளிகேட் சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆகவே அன்றைக்கே வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போகவும் விடமாட்டார்கள்.

மாறுவது என்று முடிவானால் வழி எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும், நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடையில் ஆதாரோடு நிற்க வேண்டும். உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் இந்த ஒரு செய்தியை அனுப்ப விட வேண்டும் என்று டிராய் 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. கடைக்காரர் ‘முதல்ல ஒரு ரீசார்ஜ் போடுங்க’ என்று சொன்னால் அதை நினைவுபடுத்துங்கள். குறியீடு வந்த பிறகும் பழைய சிம்மைக் கழற்றாதீர்கள். மூன்று வேலை நாளில் அது செத்த பிறகுதான் புதியது உயிர்பெறும்.

கடைசியாக, ரீசார்ஜ் போட மறந்தால். வேலிடிட்டி முடிந்ததும் அவுட்கோயிங் நிற்கும், சில நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். அதன்பின் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் எண்ணை முடக்கலாம். அந்த நேரத்தில் டாப்-அப் இருப்பு 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு எண்ணை இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2013 விதி சொல்கிறது. இருப்பு இருக்கும்வரை இது தொடரும். முடக்கிய பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு ‘அப்போ 20 ரூபாயிலேயே ஓட்டலாமே’ என்று கிளம்பாதீர்கள். அந்த 20 ரூபாய் எண்ணை உங்கள் பெயரில் வைத்திருக்கும், அவ்வளவுதான். கால் வருவதற்கும் ஓடிபி வருவதற்கும் பேக் வேண்டும்.

முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு உங்கள் பாட்டியின் வங்கிச் செய்தி போகும், கேஸ் புக்கிங் போகும், ரேஷன் கார்டுச் செய்தி போகும். ஆகவே வேண்டாம் என்று ஒரு எண்ணை விடுவதானால், முதலில் வங்கியிலும் ஆதாரிலும் வேறு எண்ணை ஏற்றிவிட்டு விடுங்கள்.

எண் வேண்டும் என்றால், ரீசார்ஜ் போடும் அன்றைக்கே முடியும் தேதியை எழுதிவையுங்கள். போனுக்கு வரும் நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸை அவர்கள் படிக்கமாட்டார்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முந்தைய தாளைத் தேடி, பேனாவால் பெரிதாக ‘போன்’ என்று எழுதிவிடுங்கள். தாள் கிழிக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இது தவறுவதில்லை.